மேடிசனுக்கு வந்த கேள்விகள்: விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, உணவில் வைட்டமின் டி ஏற்றும் தொழில்நுட்பம், அமெரிக்காவின் வேலையின்மைக் காப்பீடு, பூமியை இடைவிடாமல் கண்காணிக்கும் செயற்கைக்கோளின் மேகப் படங்கள், மனிதக் கருவிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட, உடலின் எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் ஆகிய ஐந்துக்கும் இடையே பொருளளவில் எந்த உறவும் இல்லை. ஆனால் இவை ஒவ்வொன்றின் பிறப்பிலும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், இரண்டு ஏரிகளுக்கு அருகே அமைந்த ஒரே அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு.

ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகளில், நூறாண்டுக்கும் மேலாக, தன் வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களின் வாழ்க்கையை மாற்றிய ஆய்வுகளை எப்படித் தர முடிந்தது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. பணம், ஆள்பலம், வாய்த்த சில மேதைகள் என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவை வேறு பல இடங்களிலும் இருந்தன. மேடிசனில் தொடக்கத்தில் பணம் தாராளமாக இருந்ததும் இல்லை. நிகழ்வுகளை வரிசையாகப் படிக்கும்போது தெரிவது வேறு. வெளியிலிருந்து சாதாரண மனிதர்கள் கொண்டுவந்த சிக்கல்களுக்கு அங்கே கதவு திறந்திருந்தது. அதே அளவுக்கு முக்கியமாக, கேட்டவருக்குத் தேவையான பதிலோடு நின்றுவிடாமல் அந்தச் சிக்கலை அதன் அடிவரை துரத்திச் செல்ல ஆய்வாளருக்கு இடம் தரப்பட்டது. முதலாவது மட்டும் இருந்திருந்தால் அது ஓர் ஆலோசனை நிலையமாக முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்திருந்ததுதான் இந்த நிகழ்வின் சிறப்பு. 1925க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பண ஏற்பாடும் சேர்ந்தது. அது இந்த மரபைத் தாங்கவும் செய்தது, சில இடங்களில் வளைக்கவும் செய்தது.

பாலில் தொடங்கியது

விஸ்கான்சின் 1848இல் மாநிலமானது. பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது. அன்று அங்கே கோதுமைதான் முதன்மைப் பயிர். மண் வளம் குன்றியும் பூச்சிகள் பெருகியும் கோதுமை கைவிட்டபோது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயிகள் கறவை மாடுகளுக்கு மாறினார்கள். பாலைக் கொள்முதல் செய்த வெண்ணெய், பாலாடைக்கட்டித் தொழிற்கூடங்கள் எடையைப் பார்த்துப் பணம் கொடுத்தன. தண்ணீர் கலந்தவரும் பாலாடையை எடுத்துவிட்டு ஊற்றியவரும் நேர்மையாக ஊற்றியவருக்குச் சமமான விலையைப் பெற்றார்கள். நல்ல மாடு வைத்திருப்பதில் ஆதாயம் இல்லை என்ற நிலை ஒரு தொழிலையே உள்ளிருந்து அரிக்கக்கூடியது.

வேளாண் வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் 1890இல் வெளியிட்ட சோதனை இதற்கு முடிவுகட்டியது. குறுகிய கழுத்துடைய கண்ணாடிக் குப்பியில் பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால், கொழுப்பைத் தவிர மற்றத் திடப்பொருள்கள் கரைந்துவிடுகின்றன. குப்பியை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றிச் சுடுநீர் சேர்த்தால், கொழுப்பு மேலே எழும்பி அளவுக்கோடுகள் இட்ட கழுத்தில் நிற்கிறது. கோட்டைப் படித்தால் கொழுப்பின் விழுக்காடு தெரிந்துவிடும். வேதியியல் படிக்காத தொழிற்கூடப் பணியாளரே இதைச் செய்யலாம். பாப்காக் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. செய்முறையைப் பொதுவில் வைத்தார். பின்னால் வரும் ஒரு பெரிய வேறுபாட்டுக்கு இது அடிப்படை என்பதால் நினைவில் கொள்ளத்தக்கது.

பாப்காக்கின் உண்மையான செல்வாக்கு அந்தக் குப்பியோடு முடியவில்லை என்பது என் கருத்து. தீவனங்களின் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றை அளந்து, அளவுகள் சமமாக இருந்தால் தீவனங்களும் சமம் என்று அக்கால வேதியியல் சொன்னதை அவர் நம்பவில்லை. அவருடைய ஐயத்தைச் சோதிக்க அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் 1907 முதல் 1911 வரை 16 கிடாரிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மக்காச்சோளத்திலிருந்து மட்டும், இன்னொன்றுக்குக் கோதுமையிலிருந்து மட்டும், மூன்றாவதற்கு ஓட்ஸிலிருந்து மட்டும், நான்காவதற்கு மூன்றும் கலந்து தீவனம் தரப்பட்டது. ஆய்வகக் கணக்கில் நான்கும் ஒன்றே. மாடுகளின் கணக்கு வேறாக இருந்தது: மக்காச்சோளம் தின்றவை நல்ல கன்றுகளை ஈன்றன, கோதுமை தின்றவற்றின் கன்றுகள் இறந்து பிறந்தன அல்லது பிறந்து விரைவில் இறந்தன.

வேதியியல் அளவுகளில் அகப்படாத ஏதோ ஒன்று உணவில் இருந்தாக வேண்டும். அதை மாடுகளில் தேடுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், எல்மர் மெக்காலம் என்ற இளம் ஆய்வாளர் எலிகளுக்கு மாற விரும்பினார். விவசாயியின் வரிப்பணத்தில் எலி வளர்ப்பதா என்று வேளாண் கல்லூரியின் தலைமை தயங்கியது. பாப்காக் ஊக்கம் கொடுத்தார். மெக்காலம் சிகாகோவிலிருந்து வெள்ளெலிகளை வாங்கிவந்தார். பல ஆண்டுகள் ஊதியமே இல்லாமல் அந்த எலிகளைப் பராமரித்து ஆய்வில் உழைத்தவர் மார்கரிட் டேவிஸ். வெண்ணெய்க் கொழுப்பில் இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பிலும் ஆலிவ் எண்ணெயிலும் இல்லாத ஒரு வளர்ச்சிக் காரணியை இருவரும் 1913இல் அறிவித்தார்கள். அதுவே பிறகு வைட்டமின் ஏ எனப்பட்டது. ஏறத்தாழ அதே நேரத்தில் யேல் பல்கலைக்கழகக் குழுவும் இதே முடிவை எட்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஒரு காப்புரிமையும் ஓர் அறக்கட்டளையும்

அந்தக் கிடாரி ஆய்வில் மாணவராக உழைத்த ஹாரி ஸ்டீன்பாக், 1924இல் உணவுப் பொருள்கள் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவை ரிக்கெட்ஸ் என்ற குழந்தைகளின் எலும்பு நலிவு நோயைத் தடுக்கும் ஆற்றலை, அதாவது வைட்டமின் டியை, பெறுவதைக் காட்டினார். நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். குளிர்காலத்தில் வெயில் குறைவாக இருக்கும் வடபகுதி நகரங்களில் ரிக்கெட்ஸ் பரவலாக இருந்த காலம் அது. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் இந்த உரிமைக்குப் பெருந்தொகை தர முன்வந்தது. ஸ்டீன்பாக் அதை ஏற்கவில்லை.

பாப்காக்கைப் போல எல்லோருக்கும் திறந்துவிடவும் அவர் விரும்பவில்லை. யார் வேண்டுமானாலும் கதிர் பாய்ச்சினோம் என்று சொல்லித் தரமற்ற பொருளை விற்கலாம் என்பது அவர் கவலை. அதோடு மாநிலத்தின் பால் தொழிலுக்குப் போட்டியாக, வெண்ணெய்க்கு மாற்றான மார்கரினை விற்று வளர்ந்த தயாரிப்பாளர்கள் வைட்டமின் சேர்த்து வெண்ணெயை வீழ்த்திவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு காப்புரிமைகளைக் கையாளும் அமைப்பாக இல்லை. எனவே முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஆனால் அதன் நலனுக்காக மட்டுமே இயங்கும் விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையை 1925இல் தொடங்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை வார்ஃப் என்று அழைப்பார்கள். காப்புரிமை அறக்கட்டளையின் பெயரில் இருக்கும்; உரிமக்கட்டணம் அதற்கு வரும்; அதை முதலீடு செய்து கிடைக்கும் வருவாயை ஆய்வுக்கென்று பல்கலைக்கழகத்துக்கு அது வழங்கும்; எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் குழு முடிவு செய்யும். குவேக்கர் ஓட்ஸும் பின்னர் மற்றவர்களைப் போல உரிமம் பெற்றே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் மாநில அரசு செலவை வெட்டியபோது இந்தப் பணம்தான் பல ஆய்வாளர்களை மேடிசனில் தங்க வைத்தது. காட்டுயிர் மேலாண்மைக்கென்று 1933இல் ஆல்டோ லியோபோல்டுக்காக ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவிக்கும் வார்ஃப் நிதியளித்தது. அத்துறையில் நாட்டிலேயே அதுதான் முதல் பதவி. அழிந்துபோன புல்வெளியை மறுபடியும் விதைத்து உருவாக்கும் முயற்சி பல்கலைக்கழகத்தின் தாவரப் பூங்காவில் தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான். ஓட்ஸின் மீது பாய்ந்த புற ஊதாக் கதிர், சுற்றிச் சுற்றி வந்து காட்டுயிரியலுக்குச் சம்பளம் கொடுத்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

உறையாத ரத்தம்

இந்த நிகழ்வு ஆய்வின் மையம் வார்ஃபரின் கதை. 1920களில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் மாடுகள் சிறு காயத்திலும், கொம்பு நீக்கும்போதும், சில சமயம் வெளிக்காயமே இல்லாமல் உள்ளுக்குள்ளும் ரத்தம் கசிந்து இறந்தன. கனடாவில் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவன வைக்கோலே காரணம் என்று காட்டினார். வட டகோட்டாவில் லீ ரோடரிக், அந்த மாடுகளின் ரத்தத்தில் உறைதலுக்குத் தேவையான புரோத்ராம்பின் குறைந்திருப்பதைக் கண்டார். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடாதீர்கள், நோயுற்ற மாட்டுக்கு நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள் என்பதே அன்று கிடைத்த அறிவுரை. வேறு வைக்கோல் வாங்க வழியில்லாத பெருமந்தக் காலத்து விவசாயிக்கு அது அறிவுரையாகவே இல்லை.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, டீர் பார்க் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி, இறந்த கிடாரி ஒன்றையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும், சுமார் 100 பவுண்டு கெட்ட வைக்கோலையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் கடந்து மேடிசனுக்கு வந்தார். அவர் தேடிவந்தது மாநிலக் கால்நடை மருத்துவரை. அந்த அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த கதவு உயிர்வேதியியல் கட்டடத்தில் கார்ல் பால் லிங்கின் ஆய்வகத்தினுடையது. லிங்க் அவருக்குச் சொல்ல முடிந்ததும் பழைய அறிவுரை மட்டுமே. வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். இந்தக் கதையை வெற்றிக்கதையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கேட்டவருக்கு அந்தக் குளிர்காலத்தில் எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்பது இந்நிகழ்வின் தவிர்க்க முடியாத பகுதி.

திறந்திருந்த கதவு தற்செயல். கதவுக்குப் பின்னால் இருந்த ஆயத்தம் தற்செயல் அல்ல. சில வாரங்களுக்கு முன்புதான் அதே வேளாண் கல்லூரியின் மரபியலாளர்கள், கசப்புக் குறைந்த ஸ்வீட் குளோவர் வகையை உருவாக்கும் தங்கள் முயற்சிக்காக, அந்தச் செடிக்கு மணமும் கசப்பும் தரும் கூமரின் என்ற பொருளைப் பற்றி லிங்கிடம் பேசியிருந்தார்கள். மரபியலும் உயிர்வேதியியலும் கால்நடை அறிவியலும் ஒரே கல்லூரியில், நடந்து போகும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தப் பால் கேன் சரியான மேசைக்கு வந்து சேர்ந்தது.

ரத்தக்கசிவை உண்டாக்கும் பொருளைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வைக்கோலின் எந்தச் சாற்றில் அது இருக்கிறது என்பதை அறிய ஒரு நம்பகமான அளவுகோல் தேவைப்பட்டது. முயல்களின் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளந்து அந்த அளவுகோலை உருவாக்குவதிலேயே பெரும்பகுதிக் காலம் கழிந்தது. 1939 ஜூனில் ஹெரால்டு கேம்ப்பெல் சில மில்லிகிராம் படிகத்தைக் கண்டார். அடுத்த ஆண்டுக்குள் அதன் அமைப்பு தெரிந்து, ஆய்வகத்திலேயே அது செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது. செடியிலுள்ள கூமரின் ரத்தம் உறைவதைத் தடுப்பதில்லை. பூஞ்சணம் அதை மாற்றி, மாறிய இரண்டு மூலக்கூறுகள் இணையும்போதுதான் டைகூமரால் என்ற அந்தப் பொருள் உண்டாகிறது. மாட்டைக் கொன்ற அதே பண்பு, ரத்த நாளங்களில் ரத்தக்கட்டி அடைத்த மனிதரைக் காக்கும் என்பதை மருத்துவர்கள் உடனே உணர்ந்தார்கள். மேயோ மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் 1941 முதலே அது நோயாளிகளுக்குத் தரப்பட்டது.

1945இல் காசநோய்த் தாக்குதலால் சானடோரியத்தில் படுத்திருந்த லிங்க், எலி ஒழிப்பு பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எலிக்கொல்லியாகப் பயன்படுத்த டைகூமரால் மிக மெதுவானது. தன் குழு ஏற்கெனவே தயாரித்து எண் இட்டு வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட உறவுப் பொருள்களின் பட்டியலை அவர் மறுபடியும் புரட்டினார். 42ஆம் எண் பொருள் வீரியமாகவும் சீராகவும் வேலை செய்தது. 1948இல் சந்தைக்கு வந்த அதற்கு, செலவை ஏற்ற வார்ஃபின் பெயரையும் கூமரினின் ஈற்றையும் சேர்த்து வார்ஃபரின் என்று பெயரிட்டார்கள். எலி ஒரே முறை தின்று உடனே சாகாமல் பல நாள் தின்று சாவதால், மற்ற எலிகள் இரையைச் சந்தேகிப்பதில்லை. அதுவே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று.

எலிப்பாஷாணத்தை மனிதருக்குக் கொடுக்கத் துணிந்தவர் எவரும் அன்று இல்லை. 1951இல் ராணுவத்தில் சேர்ந்த ஓர் அமெரிக்கர் அதைத் தின்று தற்கொலைக்கு முயன்று, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகப் பிழைத்துக்கொண்ட செய்தி மருத்துவர்களின் எண்ணத்தை மாற்றியது. அதை முறிக்கும் மருந்து கைவசம் இருக்கிறது, டைகூமராலைவிட இது வீரியமானது, நீரில் கரையும் உப்பாகத் தயாரிக்கலாம் என்பவை ஒன்றுசேர, 1954இல் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு ஆளான குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டது. வைட்டமின் கே உறைதல் புரதங்களை எவ்வாறு செயலுக்குத் தகுதியாக்குகிறது, வார்ஃபரின் அந்தச் சுழற்சியை எங்கே தடுக்கிறது என்பது 1970களில்தான் தெளிவானது. அதில் முன்னணியில் நின்ற ஆய்வகங்களில் ஒன்று அதே மேடிசன் உயிர்வேதியியல் துறையில் ஜான் சட்டி நடத்தியது.

பனிப்புயல் நாளிலிருந்து எண்ணினால் வேதிப்பொருளுக்கு 6 ஆண்டு, எலிக்கொல்லிக்கு 15, மனிதருக்கான ஒப்புதலுக்கு 21, இயங்குமுறையின் விளக்கத்துக்கு 40க்கும் மேல். எந்த ஆய்வு நிதிக்குழுவும் இப்படிப்பட்ட கால அட்டவணையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி வேறாக மாறியது. கட்டடம் மட்டும் மாறவில்லை.

தொழிற்சாலை வாசலில் பொருளியல்

இதே முறை வேளாண்மைக்கு வெளியே செல்லுமா என்பதற்கு மேடிசனின் பொருளியல் துறை பதில் தருகிறது. அங்கே அதற்கு முன்பு தீர்க்க வேண்டிய ஒன்று இருந்தது. பொருளியல் பேராசிரியர் ரிச்சர்டு ஈலி வேலைநிறுத்தங்களுக்கு ஆதரவானவர் என்ற குற்றச்சாட்டு 1894இல் எழுந்தபோது, ஆட்சிக்குழு விசாரித்து அவரை விடுவித்ததோடு, உண்மையை அடையும் ஒரே வழி அஞ்சாமல் இடைவிடாது சலித்துப் புடைத்துப் பார்ப்பதே என்ற கருத்தில் ஓர் அறிக்கையும் வெளியிட்டது. அந்த வாசகம் பொறித்த பட்டயம் இன்றும் வளாகத்தின் பாஸ்கம் கட்டடத்தில் இருக்கிறது. கொழுப்பை அளப்பவரை யாரும் துரத்தப்போவதில்லை. கூலியை அளப்பவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது.

ஈலியின் அழைப்பில் 1904இல் வந்த ஜான் காமன்ஸ், மாணவர்களை நூலகத்தில் மட்டும் உட்கார வைக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அனுப்பினார். முதலாளிகளோடும் தொழிலாளர்களோடும் ஒரே மேசையில் பேசினார். அன்று வேலையில் கை இழந்த தொழிலாளி இழப்பீடு பெற வேண்டுமானால் முதலாளி மீது வழக்குத் தொடுக்க வேண்டும். ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தாய், உடன் வேலை செய்தவனின் தவறு, உன் கவனக்குறைவு என்ற மூன்று எதிர்வாதங்களில் ஒன்று அவரைத் தோற்கடித்துவிடும். விஸ்கான்சினின் 1911ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதை மாற்றியது. அதைச் செயல்படுத்திய தொழில் ஆணையத்தை வடிவமைத்த காமன்ஸ், அதன் உறுப்பினராகவும் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழகத்தின் நல்விளைவு மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டும் வரை ஓயப்போவதில்லை என்று அன்றைய தலைவர், நிலவியலாளர் சார்லஸ் வான் ஹைஸ், 1905இல் பேசியதன் பின்னணியில் இதையெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும். விஸ்கான்சின் கொள்கை என்று அது பெயர் பெற்றது.

ஆட்களை வேலையிலிருந்து நீக்கும் செலவை முதலாளியின் கணக்கிலேயே ஏற்றினால் நீக்குவது குறையும் என்பது காமன்ஸின் வாதம். அந்த வாதத்தைச் சட்ட வரைவாக்கியவர்கள் அவருடைய மாணவர்களான ஹெரால்டு குரோவ்ஸ், பால் ரௌஷன்புஷ், எலிசபெத் பிராண்டைஸ் ஆகியோர். 1932இல் நாட்டின் முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் விஸ்கான்சினில் நிறைவேறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ரூஸ்வெல்ட் அரசு தேசிய அளவில் திட்டம் வகுக்கக் குழு அமைத்தபோது, அதன் நிர்வாக இயக்குநராக மேடிசன் பொருளியலாளர் எட்வின் விட்டே சென்றார். உதவிக்கு அழைத்துச் சென்ற இளைஞர் வில்பர் கோஹன், மற்றொரு மேடிசன் மாணவரான ஆர்தர் ஆல்ட்மேயர் என அந்தக் குழுவின் நடுவே காமன்ஸின் வகுப்பறை இருந்தது. 1935 ஆகஸ்டில் கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பணியின் விளைவு. ஒரு மாநிலத்தில் சோதித்துப் பார்த்ததை நாடு முழுவதற்கும் எடுத்துச் செல்லும் இந்தப் பாதை, பால் சோதனை பரவிய பாதையிலிருந்து வடிவத்தில் வேறுபட்டதல்ல.

சமூகவியலில் இதன் நீண்ட தொடர்ச்சி ஒன்று உண்டு. 1957இல் விஸ்கான்சின் உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்காக 10,317 பேரைத் தேர்ந்து, அவர்களின் கல்வி, வேலை, குடும்பம், உடல்நலம் ஆகியவற்றை முதுமை வரை பின்தொடர்ந்த ஆய்வு அது.

கேள்வியே வராத இடங்கள்

மேலே சொன்ன விளக்கத்துக்குள் அடங்காதவையும் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஜோஷுவா லெடர்பெர்க் 1947இல் வேளாண் கல்லூரியின் மரபியல் துறையில்தான் சேர்ந்தார். ஆனால் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்வது பற்றி எந்த விவசாயியும் வந்து கேட்கவில்லை. வைரஸ் வழியாகவும் அந்தப் பரிமாற்றம் நடக்கிறது என்பதை அவரும் நார்ட்டன் ஜிண்டரும் 1952இல் வெளியிட்டார்கள்; 1958இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸைக் கண்டறிந்த, அவருடைய மனைவி எஸ்தர் லெடர்பெர்க்கின் பெயர் அந்தப் பரிசில் இல்லை. பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1960 முதல் 1970 வரை மேடிசனின் நொதி ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். மரபுக் குறியீட்டைப் படிக்க உதவிய அவர் பணிக்கு 1968இல் நோபல் கிடைத்தது.

ஹோவர்டு டெமினின் நிகழ்வு இன்னும் கூர்மையானது. ஆர்என்ஏ வைரஸ் தன் செய்தியை டிஎன்ஏவாக மாற்றிச் செல்லுக்குள் பதிக்கிறது என்று அவர் 1964இல் முன்வைத்தபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த மாற்றத்தைச் செய்யும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை 1970இல் அவரும் சதோஷி மிசுடானியும் காட்டினார்கள். அதே சமயம் டேவிட் பால்டிமோர் தனியாகக் காட்டினார். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் டெமினை அவர் போக்கில் விட்டதுதான் மேடிசன் செய்த உதவி. எச்ஐவி பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்டபோது, அதன் இயல்பைப் புரிந்துகொள்ளத் தேவையான அடித்தளம் இந்த நொதியின் வடிவில் தயாராக இருந்தது.

வெர்னர் சுவோமி இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறார். மக்காச்சோள வயல் ஒன்றுக்கு வந்து சேரும் வெப்பத்தையும் வெளியேறும் வெப்பத்தையும் கணக்கிட்டது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. அதே கணக்கைப் பூமி முழுவதற்கும் போட விரும்பிய அவர், 1959இல் எக்ஸ்புளோரர் 7 செயற்கைக்கோளில் தன் கருவியை அனுப்பினார். 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏடிஎஸ் 1 செயற்கைக்கோள், நிலைத்தன்மைக்காகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுழற்சியையே பயன்படுத்தி ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் ஒரு கீற்றைப் படம் பிடிக்கும் கேமராவை சுவோமியும் ராபர்ட் பேரன்ட்டும் அமைத்திருந்தார்கள். மேகங்கள் நகர்வதைத் தொடர்ச்சியாகக் காண்பது அதன் பிறகுதான் இயலுவதாயிற்று.

ஏற்பாட்டின் விலை

வார்ஃப் பற்றிய பாராட்டு எங்கும் கிடைக்கும். அதன் மறுபக்கத்தை ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1940களின் நடுவில் வெளிப்படையாக எழுதியது. வைட்டமின் டி உரிமத்தை மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு வார்ஃப் மறுத்துவந்தது. வெண்ணெய் வாங்க முடியாத ஏழைகள் உண்டது மார்கரின். ரிக்கெட்ஸால் அதிகம் பாதிக்கப்பட்டவையும் அந்த வீட்டுக் குழந்தைகளே. மாநிலத்தின் பால் தொழிலைக் காக்கும் நோக்கம், கண்டுபிடிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமிருந்து அதைத் தள்ளி வைத்தது. நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றது. மாநிலத்துக்குச் சேவை என்ற கொள்கைக்குள் இந்த ஆபத்து எப்போதும் இருந்தது: மாநிலம் என்பது யார் என்ற கேள்வியில், அமைப்பாகத் திரண்டவர்களின் குரலே முதலில் கேட்கும்.

உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950களில் செய்த சோதனைகளில், குரங்குக் குட்டிகள் பால் தரும் கம்பி உருவத்தைவிட மென்துணி சுற்றிய உருவத்தையே பற்றிக்கொண்டன. குழந்தை வளர்ப்பு பற்றிய அக்காலக் கருத்துகளை அது அசைத்தது. குட்டிகளை முற்றிலும் தனிமையில் அடைத்த அவருடைய பிற்காலச் சோதனைகளோ, விலங்குகளை ஆய்வில் நடத்தும் முறைக்கு எதிரான வாதத்தில் இன்றுவரை மேற்கோளாகின்றன. ஆய்வாளருக்குத் தந்த இடம் எங்கே முடிய வேண்டும் என்பதை மேடிசன் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

1998 நவம்பரில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்ததை வெளியிட்டார். கருவை அழிக்கும் ஆய்வுக்குக் கூட்டாட்சி நிதி தடைசெய்யப்பட்டிருந்ததால், வார்ஃபும் ஜெரான் என்ற தனியார் நிறுவனமும் கொடுத்த பணத்தில் தனி ஆய்வகத்தில் அது நடந்தது. அறக்கட்டளை இல்லாவிட்டால் அந்த ஆய்வு மேடிசனில் நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்தச் செல்களின் மீது வார்ஃப் பெற்ற அகன்ற காப்புரிமைகள் மற்ற ஆய்வாளர்களுக்குத் தடையாகின்றன என்று நுகர்வோர் அமைப்புகள் 2006இல் முறையிட்டன. வார்ஃப் நிபந்தனைகளைத் தளர்த்தியது. காப்புரிமைகள் மறுபரிசீலனைக்கு உள்ளாகி 2008இல் நிலைநிறுத்தப்பட்டாலும் சர்ச்சை உடனே ஓயவில்லை. இதற்கிடையே 2007இல், கரு இல்லாமலே முதிர்ந்த மனிதச் செல்லை அந்த நிலைக்குத் திருப்பலாம் என்பதை ஜப்பானில் ஷின்யா யமனாகாவின் குழுவும் மேடிசனில் தாம்சனின் குழுவும் ஒரே நாளில் வெளியிட்டன.

இந்தப் பண ஏற்பாடு மேடிசனோடு நிற்கவில்லை. கூட்டாட்சி நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிவகுத்த 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டத்துக்காக உழைத்தவர்களில் வார்ஃபின் வழக்கறிஞர் ஹோவர்டு பிரெமர் முக்கியமானவர். அதன் பிறகு நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் காப்புரிமை அலுவலகங்களைத் திறந்தன. அவற்றுள் பல வார்ஃபின் உரிமக்கட்டண முறையை எடுத்துக்கொண்டன. சனிக்கிழமை திறந்திருக்கும் கதவையும், ஆறு ஆண்டு பலன் தராத ஆய்வைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் சட்டத்தால் எடுத்துச் செல்ல முடியவில்லை.

மேடிசனிலும் அவை உறுதியாக இல்லை. 2015 பிப்ரவரியில் ஆளுநர் ஸ்காட் வாக்கரின் வரவுசெலவுத் திட்ட வரைவு, பல்கலைக்கழக அமைப்பின் சட்டபூர்வக் குறிக்கோளிலிருந்து உண்மையைத் தேடுதல் என்ற சொற்களை நீக்கி, மாநிலத்தின் பணியாளர் தேவையை நிறைவு செய்தல் என்பதைச் சேர்த்திருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது வரைவுப் பிழை என்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே திட்டம் நிறைவேறியபோது இரண்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் நிதி வெட்டப்பட்டது. பேராசிரியர்களின் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு மாநிலச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, 2016இல் ஆட்சிக்குழுவின் விதியாக, முன்பைவிடத் தளர்வான வடிவில் எழுதப்பட்டது.